வெள்ளெலியின் புது வேலை

வயல்காட்டில் வளை தோண்டித் தருவதில் வெள்ளெலிக்குத்தான் பெயர். அந்த வருஷம் ஏனோ புது வளை கேட்டு ஒருவரும் வரவில்லை. வயிற்றுப்பாடே திண்டாட்டமாகிவிட்டது.

ஒருநாள் சுண்டெலி வந்தது. "அண்ணே, புதுசு வேண்டாம். பாம்பு நுழைஞ்சா பிள்ளைகளோட தப்பிக்க எங்க வளையில வழியிருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"வளை தோண்டுறவன்கிட்ட வந்து சும்மா பாத்துச் சொல்லச் சொல்றியே!" என்று வெள்ளெலி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை; போய்ப் பார்த்து, ஒரே வாசல்தான் இருக்கக் கண்டு, பின்பக்கம் ஒரு வழி தோண்டிக் கொடுத்தது.

மூன்றாம் நாள் பாம்பு வந்தது. சுண்டெலி ஐந்து குட்டிகளோடும் பின்வழியாகத் தப்பியது.

மறுநாள் பெருச்சாளியும் நண்டும் வெள்ளெலியைத் தேடி வந்தன. "எங்க வளையையும் பாருங்கண்ணே!"

உற்சாகமாகக் கிளம்பிய வெள்ளெலி, தன் வளையைத் திரும்பிப் பார்த்தது. அதற்கும் ஒரே வாசல்தான்.

"கொஞ்சம் பொறுங்க," என்று சிரித்தபடி உள்ளே ஓடியது.