பிரஷர் பரீட்சை

நர்சிங் மாணவி காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தாள். "பிரஷர் இருநூறு இருக்கு மேடம்."

"காதுல என்ன பஞ்சா? தப்பு. அடுத்தவ வா!"

அடுத்தவளும் இருநூறு என்றாள்.

"அவளைப் பார்த்து ஒப்பிக்கிறியா? ரெண்டு பேரும் ஃபெயில்!"

மூன்றாமவளுக்கும் இருநூறுதான் கேட்டது. ஆனாலும், "நூத்தி இருபது மேடம்" என்றாள்.

"இவதான்டி நர்ஸ்!"

மேடம் தன் கையில் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்தார். பரீட்சைக்கு எப்போதும் தன் கையைத்தான் நீட்டுவார். தனக்கு நூற்று இருபது என்பது அவருக்குப் பல வருட மனப்பாடம்.

மறுவாரம், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த மேடத்துக்கு அந்த மூன்றாமவளே பட்டை கட்டினாள்.

"இருநூறு மேடம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, "தப்பு" என்று ஒரு தடவை கத்திவிட மாட்டாரா எனக் காத்து நின்றாள்.

கோணிய வாய் அசையவே இல்லை.