பதிவில் ஒரு சிரிப்பு

"இது என் குழந்தையோட சத்தம் இல்லைங்க. நடுவுல யாரோ சிரிக்கிறாங்க."

ஃபோனில் பேசியவர் ஒரு கர்ப்பிணி. ஸ்கேன் மையத்தில் பதிவு செய்த குழந்தையின் இதயத்துடிப்பை, கணவர் ஊரிலிருந்து வந்ததும் சேர்ந்து கேட்கலாம் என்று இரண்டு மாதமாக ஆசையாக வைத்திருந்தாராம். இன்று காலை போட்டுப் பார்த்தால் வேறு யாருடையதோ.

அந்த மையத்தின் மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. லப்டப்பில் என் பிள்ளை, உன் பிள்ளை என்று வேறுபாடு வேறா? இருந்தாலும் அடுத்தவர் பதிவு இவரிடம் இருப்பது வம்பு. உடனே அழித்துவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டு வைத்தான்.

பிறகுதான் நிரலைத் திறந்தான். அந்த மையத்தின் ஜாவா செயலியில், கோப்புகளைப் பதிவிறக்கித் தரும் பகுதி முழுக்க அவன் கைவண்ணம்.

பார்த்ததும் தவறு கண்ணில் பட்டது.

கேட்கிறவர்களின் கோப்புகளை எல்லோருக்கும் பொதுவான ஒரே வரிசையில் போட்டு, முன்னால் இருப்பதை எடுத்துக் கொடுக்கும்படி எழுதியிருந்தான். முதலில் கேட்டவர்தான் முதலில் வாங்குவார் என்ற நம்பிக்கை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டு, பின்னால் வந்தவர் முந்திக்கொண்டால் தீர்ந்தது. கூட்டத்தில் குடை மாறுவதுபோல மாறிவிடும்.

அவன் சோதித்தபோதெல்லாம் சரியாகத்தான் வந்தது. சோதித்தது அவன் ஒருவன்தானே.

அப்படியென்றால் இவருடையது யாரிடம் போனது? யார் எப்போது கேட்டார்கள் என்ற சர்வர் குறிப்புகளைத் தோண்டினான். அந்த நொடியில் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒன்று இந்தப் பெண்ணின் எண்.

இன்னொன்று அவனுக்கு மனப்பாடமான எண்.

அக்கா.

பதிவிறக்கிய அன்று அக்கா வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். முடிந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சிரிச்சேன்டா. ஸ்கேன் டாக்டர்கூட அதட்டினாங்க. அதை மட்டும் வெட்டிட்டீங்களா?"

உன் சிரிப்பையெல்லாம் எங்கள் சர்வர் தாங்காது என்று கிண்டலடித்தான். வீடே சிரித்தது.

அடுத்த மாதம் அக்காவின் வயிற்றில் அந்தத் துடிப்பு நின்றுபோனது.

அதன் பிறகு அவள் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஃபோனைக் காதோடு ஒட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும். தன் பிள்ளையென்று இருப்பது இது ஒன்றுதான் என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

சர்வரில் அக்காவின் கோப்பைத் தேடினான். இருக்காது என்று தெரிந்துதான் தேடினான். கொடுத்து முடித்ததும் தானாக அழிந்துவிடும்படி எழுதியவனும் அவனே. இடம் மிச்சமென்று பாராட்டு வேறு வாங்கியிருந்தான். மையத்திலும் வேறு பிரதி கிடையாது.

அந்தப் பெண்ணை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், அந்தப் பதிவு என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"நீங்க சொன்ன உடனே அழிச்சிட்டேங்க, கவலைப்படாதீங்க. எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல, அடுத்த ஸ்கேன்ல புதுசா எடுத்துக்கறேன். சிரிச்சாங்களே, அவங்களையும் அப்படியே எடுத்துக்கச் சொல்லிடுங்க."