பன்னிரண்டு மூலைக் குத்தி

“இது நல்லாய் மினுங்குது. பத்திரமாய் வைச்சிருங்கோ அண்ணை,” என்று அருள்நாயகம் ஒரு ஐந்து சத நாணயக் குத்தியை அகஸ்ரினின் பக்கம் தள்ளினார்.

“உது?” அருள்நாயகத்தின் கையிலிருந்த மற்றக் குத்தியைக் கேட்டார் அகஸ்ரின்.

“இது சரியான பழசு. ஓரமெல்லாம் மூலை மூலையாய்க் கிடக்கு. ஆருக்கு வேணும்? நான் கொண்டுபோய்ச் செலவழிக்கிறன். இந்தாங்கோ, பதிலுக்குப் புதுசு ஒண்டு.”

அகஸ்ரின் தலையாட்டினார். அவருக்கு இரண்டு கண்ணிலும் படலம்.

கனடாவில், ஸ்காபரோவில் பதினாலாம் மாடி. மகன் வெள்ளிக்கிழமைகளில் பாங்கிலிருந்து, காகிதத்தில் சுற்றிய ஐந்து சதக் குத்திச் சுருள்கள் கொண்டுவந்து மேசையில் வைப்பான். அத்தோடு அவன் கடமை முடிந்தது. சனிக்கிழமை கீழ்மாடி அருள்நாயகம் வருவார். பேரனுக்கென்று எதைச் சேர்த்து வைப்பது, எதைத் திருப்பிப் பாங்குக்கு அனுப்புவது என்று தெரிந்தெடுத்துக் கொடுப்பார்.

சண்டைக்குப் பயந்து சனம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட வருசம் அது. யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்றெல்லாம் சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு அருள்நாயகம் எழும்பிப் போனார்.

பின்னேர வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மருமகள் றஜிதா கதவைச் சாத்தினாள்.

“மாமா, அந்த மனிசன் உங்களைப் பேய்க்காட்டுறார்.”

“ஏன் பிள்ளை?”

“நேற்று பஸ்ஸுக்கு நிக்கேக்க கண்டனான். பழைய காசு வாங்கி விக்கிற கடைக்குள்ள நிண்டு உங்கட குத்தியளை வித்துக்கொண்டு நிக்கிறார். அவர் போனாப்பிறகு நான் உள்ளுக்க போய்க் கேட்டனான். அரசரின்ர தலை போட்ட அந்தப் பன்னிரண்டு மூலைக் குத்திதானாம் வைச்சிருக்க வேண்டியது. ஒண்டு ஒரு டொலருக்கு மேல போகுமாம். மினுங்கிறதுக்கு அதே ஐஞ்சு சதம்தான்!”

“ம்.”

“என்ன ம்? கண் தெரியாத மனிசனிட்டக் களவெடுக்கிற ஆள்! வாற சனி வரட்டும். வாசலில வைச்சே நாலு கேள்வி கேட்டுக் கலைக்கிறன்.”

“வேண்டாம் பிள்ளை. எனக்குத் தெரியும்.”

றஜிதா கோட்டுக்குள் ஒரு கையை விட்டபடி நின்றாள்.

“தெரியுமோ? எப்ப தொடக்கம்?”

“முதல் மாசமே. கண்தான் மங்கல். விரலுக்கு மூலை தெரியாதோ?”

“தெரிஞ்சுகொண்டோ தூக்கிக் குடுத்தனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ மாமா?”

“தை மாசம் ஒரு மூலைக் குத்தியும் வரேல்லை. அடுத்த சனி அவன் வரேல்லை. அதுக்கடுத்த சனியும் வரேல்லை. பிறகு, ஒண்டு அகப்பட்டிருக்கு எண்டு போன் அடிச்சன். லிஃப்ட் வரும் வரைக்கும் நிக்காமல் படியால ஏறி ஓடி வந்தான்.”

கிழவர் சிரித்தார். றஜிதா சிரிக்கவில்லை.

“அதுக்குப் பிறகு, சுருளெல்லாம் வெள்ளிக்கிழமையே உடைச்சுத் தடவிப் பார்த்திடுவன். கூட வந்தால் ரெண்டை ஒளிச்சு வைப்பன். வராத கிழமையில நானே கலந்து விடுவன்.”

“உப்பிடி ஒரு ஆள் வந்துதான் உங்களோட கதைக்க வேணுமோ? ஏன், நாங்கள் இல்லையோ?”

பேரனின் அறைக்குள் ரிவி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. றஜிதா நேரத்தைப் பார்த்தாள். மற்றக் கையையும் கோட்டுக்குள் விட்டாள்.

“பஸ் போகப்போகுது மாமா. வந்து கதைப்பம்.”

“நில் பிள்ளை.” அவர் சட்டைப் பைக்குள் தடவி, ஒரு ஐந்து டொலர்த் தாளை எடுத்து நீட்டினார்.

“ஒளிச்சு வைச்சதிலயும் இண்டைக்கு அவன் கொண்டு போனதுதான் கடைசிக் குத்தி. அந்தக் கடையில எங்களுக்கும் விலைக்குத் தருவாங்களோ? வாற சனிக்கு முன்னம் ரெண்டு மூண்டு வாங்கிக்கொண்டு வா. அவன் வித்ததெண்டாலும் பரவாயில்லை.”