பாதாம் தட்டில் ஒரு கை

நிக்காஹ் முடிந்து துவா ஓதி வாய் மூடவில்லை, அதற்குள் அப்பா பாதாம் தட்டைத் தூக்கிக்கொண்டு சபைக்குள் கிளம்பிவிட்டார்.

நான் திரைக்கு இந்தப் பக்கம். கல்யாணப் பெண் எட்டிப் பார்க்கக் கூடாதுதான். திரையில் பொத்தல் இருந்தால் நான் என்ன செய்ய?

பாதாம், பிஸ்தா, அக்ரூட், கற்கண்டு. நடுவில் குவியலாகச் சுஹாரா, அதாவது காய்ந்த பேரீச்சை. எல்லாம் மதராஸிலிருந்து வந்த சரக்கு. வீட்டில் வைத்தால் கல்யாணத்துக்கு முன்பே நாங்கள் தின்று தீர்த்துவிடுவோம் என்று, எங்கள் ஆம்பூர்த் தோல் ஷாப்புக் கிடங்கில், தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் நடுவே வைத்துப் பூட்டியிருந்தார். அந்த நாற்றத்துக்குள் எவன் திருடப் போவான்? இன்று காலையில்தான் வீட்டுக்கு வந்தது. அந்தத் தட்டில் அப்பாவுக்கு அத்தனை பெருமை.

மாப்பிள்ளையின் பெரியப்பா சர்தார் பாஷா, குறை சொல்வதற்கென்றே வாணியம்பாடியிலிருந்து வண்டி கட்டி வந்தவர். பந்தலில் பாய் கம்மி, சர்பத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இன்னொன்று சொன்னால் அப்பா தாங்கமாட்டார்.

தட்டு அவர் முன்னால் நின்றது. அவர் விரல் ஒரு சுஹாராவை நோக்கி நீண்டது.

பக்கத்தில் பூச்சரத்துக்குள் முகம் மறைந்திருந்த மாப்பிள்ளையின் கை குறுக்கே பாய்ந்து, அதை வெடுக்கென்று பறித்துக்கொண்டு போனது.

"மாப்ளைக்குப் பசி ஜாஸ்தி!" என்றார் சர்தார் பாஷா, ஒரு பாதாமை வாயில் போட்டபடி. சபையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம்கூடத் தெரியாத ஒருவருக்கு இப்போதுதான் கபூல் என்று சம்மதம் சொல்லியிருந்தேன். அவரிடம் நான் பார்த்தது அந்தக் கை ஒன்றைத்தான். பெரியவர் வாய்க்குப் போவதைப் பிடுங்குகிற கை. ஆயுசுக்கும் இந்தத் தீனிக்காரரோடுதானா என்று அழுகையாக வந்தது.

சாயங்காலம் ஜல்வா. எங்களை அருகருகே உட்காரவைத்து, தலைக்கு மேல் சிவப்புத் துப்பட்டாவைப் போர்த்தி, முன்னால் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். அதில்தான் நாங்கள் முதன்முதலாக முகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இன்னா, கோபமா? தொறந்து பாரு," என்றது ஒரு மெல்லிய குரல்.

திறந்தேன். கண்ணாடிக்கு நேராக அவர் உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். அதில் பழுப்பாக, சுருக்கம் விழுந்து, அசல் சுஹாரா மாதிரியே ஒன்று. ஆம்பூர்க்காரிக்கா தெரியாது?

கடுக்காய்.

ஓரத்தில் பல் பதிந்திருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கடித்தும் வைத்திருக்கிறார், பாவம்.

"உங்கப்பா கிட்ட சொல்லிடாத," என்றார். துவர்ப்பில் நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. "மனசு ஒடஞ்சிடும்."

துப்பட்டாவுக்கு வெளியே என் தோழி தில்ஷாத்துக்குப் பொறுக்கவில்லை. "மாப்ள முகம் தெரிஞ்சுதாடி?"

"தெரிஞ்சுடுச்சு," என்றேன்.

அந்தக் கையை விட்டு நான் இன்னும் கண்ணை எடுக்கவே இல்லை.