தெற்கே போன பறவை

புயல் ஓய்ந்த நான்காம் நாள், காற்று அடித்துவந்த கடற்பறவைகளைத் தேடிக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தாள் பார்கவி. அவள் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. அதுவரை கிடைத்த பதினொன்றும் செத்தவை. உயிரோடிருந்த ஒன்றை மீனவப் பெண் ஜெசிந்தா முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். புயலுக்கு முன் அவள் கணவன் ததேயூஸ் மீன்பிடிக்கப் போன வள்ளம் இன்னும் திரும்பவில்லை.

“இது எங்கன உள்ள பறவ, டீச்சர்?”

“நடுக்கடல்ல இருக்கிறது. இந்தக் கரைக்கு வரவே வராது. காத்து தள்ளிட்டு வந்திருக்கு.”

“அப்போ அவிய இருக்கிற பக்கத்துல இருந்துதான் வந்திருக்கும்.”

அப்படிச் சொல்ல முடியாது என்று பார்கவிக்குத் தெரியும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பறவையை அட்டைப்பெட்டியில் வைத்து இளைப்பாறவிட்டாள். மாலையில் ஜெசிந்தாவே அதைக் கையில் ஏந்திப் பறக்கவிட்டாள். அது தண்ணீரைத் தொடுமளவு தாழ்ந்து, பின் எழும்பி, தெற்கே போய் மறைந்தது.

“வந்த எடத்துக்கே போவுது” என்று ஜெசிந்தா ஊருக்குள் ஓடினாள். சற்று நேரத்தில் ஊர்க்காரர்கள் மூன்று வள்ளங்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை இன்னும் அடங்கியிருக்கவில்லை. ததேயூஸின் தம்பி பார்கவியிடம் வந்தான்.

“மேக்க பூரா தேடியாச்சு. தெக்கதானே டீச்சர்? படிச்சவிய நீங்க சொன்னா போறோம்.”

பறவை இரை தேடிப் போயிருக்கலாம். காற்றோடு போயிருக்கலாம். தெற்கே ததேயூஸ் இருந்தாலும் இருக்கலாம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“பறவை தெக்கதான் போச்சு” என்றாள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று மேற்கொண்டு அவள் சொன்னது, கிளம்பிய வள்ளங்களின் என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போகச் சொன்னோமா, வேண்டாமென்றோமா என்று அவளுக்கே தெரியவில்லை.