கிழவனைத் துரத்துங்க

"'பாடுறது பல்லுபோன கிழவன். டிரம்ஸ் அடிக்கிறவன் தூங்கிட்டான்.' எங்க ஆல்பத்தைப் பத்தி நீங்க எழுதினதுதானே, குராமோச்சி சான்?"

கோயென்ஜி இசைத்தட்டுக் கடையில் அவரை மடக்கினாள் நாகிசா. புது பங்க் இசைக்குழுக்களை இணையத்தில் கிழித்துத் தொங்கவிடுவது அவருக்குப் பொழுதுபோக்கு.

"கேட்டதைத்தான் எழுதினேன்மா. முதல்ல அந்தக் கிழவனைத் துரத்துங்க."

"எப்படிக் கேட்டீங்கன்னு போட்டுக் காட்டுங்க."

கடைக் கருவியில் தட்டை ஓடவிட்டார். கிழவன் முனகினான்.

நாகிசா உறையைக் காட்டினாள். வேகம் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று அச்சாகியிருந்தது. கருவியோ முப்பத்துமூன்றில் சுழன்றுகொண்டிருந்தது. அவளே வேகத்தை மாற்றினாள். அவள் குரல் சீறிக்கொண்டு வந்தது.

குராமோச்சி உறையை வாங்கி அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார்.

மறுநாள் இணையத்தில் எழுதியிருந்தார்: "கிழவனைத் துரத்திவிட்டு ஒரு பெண்ணைப் பாடவைத்திருக்கிறார்கள். வேகமும் வந்துவிட்டது. என் பேச்சைக் கேட்டுக் கெட்டவர்கள் யாருமில்லை."