புது பெல்ட்

ஒரு பழைய காரின் இன்ஜினுக்குள் புதிதாக ஒரு டைமிங் பெல்ட் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து உள்ளே ஓயாமல் ஒரு கிறீச் சத்தம்.

"நீ வந்த நேரம், இருந்த நிம்மதியும் போச்சு," என்றது பெல்ட் சுற்றி ஓடும் பழைய புல்லி. பல்சக்கரங்கள் எதுவும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தன்மேல்தான் ஏதோ குறை என்று நம்பிய பெல்ட், மூச்சை அடக்கிக்கொண்டு ஓடிப்பார்த்தது. சத்தம் குறையவில்லை.

"இன்னும் நிறுத்தலியா நீ?" என்று சுற்றுக்குச் சுற்று கேட்டது புல்லி.

"நிறுத்திடறேன் அக்கா," என்றது பெல்ட்.

ஒருநாள் மெக்கானிக் வந்து மூடியைத் திறந்தார். இன்ஜின் ஓடும்போதே நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்து, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார். புல்லியிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"பெல்ட்டை மாத்தினப்பவே இதையும் மாத்தியிருக்கணும். பேரிங் போயிடுச்சு, அதான் இந்தச் சத்தம்," என்று முனகிக்கொண்டே இன்ஜினை நிறுத்தி அதைக் கழற்றி எறிந்தார்.

அதன் இடத்துக்கு வந்த புதுப் புல்லி சத்தமில்லாமல் சுற்றியது. பல்சக்கரங்கள் அப்போதும் பெல்ட்டின் பக்கம் திரும்பவில்லை. இதுவரை அதனிடம் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பழைய புல்லி மட்டும்தான்.